பால் பத்தலையா? பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம்

முதலிலேயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம் முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கும் மேலாக வங்கியில் குப்பை கொட்டுபவன். ஆனால் மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் வீட்டில் குழந்தை பிறந்த பத்தாம் நாள் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும்: "பால் பத்தலை போலிருக்கே..."

ஊரிலிருந்து வந்த அம்மா ஒன்றிரண்டு மாசத்தில் ரயிலேறிவிடுவார். அப்புறம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் பச்சை உடம்புக்காரியும் குழந்தையும், போனில் பத்துப் பேர் யோசனையும்தான். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு எல்லாம் முயன்று பார்த்த பிறகு, ஒரு நாள் சமையலறை அலமாரியில் பால் பவுடர் டின் வந்து உட்கார்ந்துவிடும்.

இந்தப் "பத்தலை"க்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும் என்பது என் கட்சி.

டின்னிலிருந்தே ஆரம்பிப்போம். 1867இல் ஸ்விட்சர்லாந்தில் ஹென்ரி நெஸ்லே என்பவர் பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்தார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கு அது உதவியாக இருந்தது உண்மை. ஆனால் கிடைக்கிற குழந்தைகளின் வீட்டுக்கும் டின் போய்ச் சேர வெகுகாலம் ஆகவில்லை.

அடுத்து வந்தது கடிகாரம். நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் ட்ரூபி கிங், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால், ராத்திரியில் கிடையாது என்று சட்டம் போட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் தாய்ப்பாலுக்கு எதிரி இல்லை, பெரிய ஆதரவாளர்! ஆனால் அவர் வைத்த கடிகாரம்தான் பால் குறைய வழி செய்யும் என்று இன்றைக்குத் தெரிகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன். "அழுதா உடனே கொடுக்காதே, கெட்ட பழக்கம்" என்று நம்ம ஆஸ்பத்திரிகளிலும் ஒரு காலத்தில் சொன்னார்களே, அது இந்த வகை உபதேசம்தான்.

1939இல் சிங்கப்பூரில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ரோட்டரி சங்கக் கூட்டத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். டின் பாலை விளம்பரம் செய்து விற்று, அதனால் குழந்தைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். உலகம் அதைக் காதில் வாங்க இன்னும் முப்பத்தைந்து வருஷம் ஆனது. 1974இல் லண்டனிலிருந்து "தி பேபி கில்லர்" என்ற சிறு வெளியீடு வந்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கான நெறிமுறை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 118. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா!

இந்தியா 1992இல் இதற்காகத் தனிச் சட்டமே போட்டு, 2003இல் இன்னும் இறுக்கியது. டிவியில் சோப்பு, டயப்பர் விளம்பரம் எல்லாம் வருகிறது, கைக்குழந்தைக்கான பால் பவுடர் விளம்பரம் மட்டும் வராது. கவனித்திருக்கிறீர்களா? காரணம் இந்தச் சட்டம்தான். டின்னின் மேல் சிரிக்கும் குழந்தை படம் இருக்கக்கூடாது என்பதும் இதில் வருவதே.

சரி, பால் எப்படித்தான் கூடுகிறது? இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யம்.

1948இல் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டன் என்ற பெண்மணி, கணவர் மைக்கேலுடன் சேர்ந்து தன் மேலேயே ஒரு சோதனை செய்தார். பால் கொடுக்கும்போது காலை ஐஸ் தண்ணீரில் வைப்பது, கணக்குப் போடச் சொல்வது என்று தொந்தரவு கொடுத்தால், குழந்தைக்குக் கிடைக்கும் பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொந்தரவோடு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதாவது பால் வற்றிப் போகவில்லை, உள்ளேயேதான் இருந்தது. பதற்றத்தில் இறங்கவில்லை, அவ்வளவுதான். "பத்தலை, பத்தலை" என்று நாலு பேர் சுற்றி நின்று சொல்வதும் ஒரு ஐஸ் வாளிதானே?

அப்புறம் 1990களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மனின் குழு, மார்பில் எவ்வளவு பால் சேர்கிறது, எவ்வளவு வேகத்தில் மறுபடி சுரக்கிறது என்று அளந்து பார்த்தது. நிரம்பி இருந்தால் சுரப்பு மெதுவாகும், காலியானால் வேகம் பிடிக்கும் என்று தெரிந்தது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், எடுக்க எடுக்க ஏறும் ஒரே கணக்கு இதுதான். எங்கள் பிராஞ்சில் இப்படி ஒரு ஸ்கீம் கிடையாது :-)

கடிகாரம் ஏன் பாலைக் குறைக்கும் என்பது இப்போது புரிந்திருக்கும். நாலு மணி நேரம் எடுக்காமல் விட்டால் "இவ்வளவு போதும்" என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். "பத்தலை" என்று நடுவில் ஒரு புட்டி டின் பால் கொடுத்தாலும் அதே கதை. அந்த வேளைக்கு எடுப்பு இல்லை, அடுத்த நாள் சுரப்பு குறையும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். குழந்தை சரியாக வாய் வைத்துக் குடிப்பதும் முக்கியம். பூண்டும் புட்டும் தாய்க்கு நல்ல சாப்பாடு, வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எடுப்பு இல்லாமல் அவை மட்டும் சுரப்பைக் கூட்டிவிடாது.

இதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. நம் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தன் குழந்தைக்குப் போக மிஞ்சியதைத் தாய்மார்கள் கொடுக்க, அது குறைமாதக் குழந்தைகளுக்குப் போகிறது. எடுத்துக் கொடுத்ததால் தாய்க்கு வற்றிப் போவதில்லை.

அடுத்தது உடற்பயிற்சி. "வேகமா நடக்காதே, உடம்பு சூடாகும், பால் புளிச்சுடும்" என்பது பெரியவர்கள் வாக்கு. 1992இல் ஓர் அமெரிக்க ஆய்வும் இதற்குத் துணைக்கு வந்தது. தாய்மார்கள் மூச்சு முட்ட உடற்பயிற்சி செய்த பிறகு பாலில் லாக்டிக் அமிலம் கூடியது, குழந்தைகள் முகம் சுளித்தன என்றது. ஆனால் பாலைச் சொட்டு மருந்து போலக் கொடுத்துப் பார்த்த சோதனை அது. மார்பில் குடித்துப் பழகிய குழந்தை சொட்டு மருந்துக் குழாயைப் பார்த்தால் சுளிக்காதா?

1994இல் கலிபோர்னியாவில் கேத்ரின் டூயியின் குழு 33 தாய்மார்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு தினம் 45 நிமிஷம், வாரம் 5 நாள், 12 வாரம் உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு இல்லை. முடிவில் பாலின் அளவிலோ சத்திலோ குழந்தையின் எடையிலோ வித்தியாசமே இல்லை. 2002இல் வந்த இன்னொரு ஆய்வில், மிதமான பயிற்சிக்குப் பிறகு எடுத்த பாலைக் குழந்தைகள் மறுக்கவும் இல்லை.

நாற்பது நாள் ஓய்வு என்ற நம் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. வீட்டு வேலையைப் பார்க்க நாலு பெண்கள் இருந்த காலத்து ஏற்பாடு அது. ஓய்வு முடிந்ததும் (சிசேரியன் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு) குழந்தைக்குக் கொடுத்த கையோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். மார்பு கனமில்லாமல் நடக்கவும் சௌகரியம்.

ஒரு எச்சரிக்கை. உண்மையிலேயே பால் குறைகிற தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் அறுவை சிகிச்சை என்று காரணங்கள் இருக்கின்றன. குழந்தையின் எடை ஏறவில்லை, முதல் வாரத்துக்குப் பிறகும் நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாக ஒண்ணுக்குப் போகிறது என்றால் உடனே குழந்தை டாக்டரிடம் போக வேண்டும். அவர் டின் பால் எழுதிக் கொடுத்தால் அதில் எந்த அவமானமும் இல்லை. டின் பிறந்ததே அதற்காகத்தான். தராசைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அழுகையை வைத்து வேண்டாம். குழந்தை பசிக்கு மட்டுமா அழுகிறது?

கடைசியாகக் கணவன்மார்களுக்கும், ஊரிலிருந்து போன் செய்யும் பெரியவர்களுக்கும். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது நல்ல விஷயம். ஆனால் அந்த 26 வாரமும் அவள் தனியாக இருந்தால் என்ன பயன்? பாத்திரம் கழுவுங்கள், ராத்திரி ஒரு தடவை நாப்கின் மாற்றுங்கள். போனில் "பால் பத்துதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா, கொஞ்சம் தூங்கினியா?" என்று கேளுங்கள். நியூட்டன் அம்மையாரின் சோதனை சொல்வதும் அதைத்தான்.