சதக் காசு

இலங்கை ரூபாவின் நூற்றிலொரு கூறாகிய சதத்தை அலகாகக் கொண்டு, 1872ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு இத்தீவில் வழங்கிவந்த சில்லறை நாணயம் சதக் காசு எனப்படும். கால் சதம் முதல் ஐம்பது சதம் ஈறாகப் பல மதிப்புகளிலும், வட்டம், சதுரம், இதழ்விளிம்பு எனப் பல வடிவங்களிலும் இது வெளிவந்தது. சதம் என்பது வடமொழியில் நூறு. நூறெனப் பொருள்படும் சொல்லே நூற்றிலொன்றுக்குப் பெயராக வந்தது விந்தையாகத் தோன்றினும், ஆங்கிலேயரின் 'சென்ட்' என்னும் சொல்லும் நூறைக் குறிக்கும் இலத்தீன் மூலத்தினின்று அவ்வாறே பிறந்ததாகும்.

முன்னைய சில்லறை

இலங்கையின் மலைநாட்டுப் பகுதியாகிய ஊவா, கண்டி இராச்சியத்தில் அடங்கியிருந்த நாளில், கொக்கிபோல் வளைந்த வெள்ளிக் கம்பியாகிய ரிதியே அங்குப் பெருமதிப்புக் காசாக வழங்கிற்று. கரையோர மாகாணங்களை ஆண்ட ஒல்லாந்தர் கொணர்ந்த சிறு செப்புக் காசு அவர்கள் மொழியில் 'டொயிட்' எனப் பெயர்பெற்றது. தமிழில் நாம் 'துட்டு' என்பது இச்சொல்லின் திரிபே. இலங்கையில் அக்காசுக்குச் 'சல்லி' என்ற பெயரும் உண்டு. பிற்காலத்தில் அப்பெயர் சிங்களத்திலும் மலையகத் தமிழிலும் பொதுவாகப் பணத்தையே குறிப்பதாயிற்று. 4 சல்லி ஒரு ஸ்டைவர், 4 ஸ்டைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு றிக்ஸ்டாலர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வாய்பாடு. அதனையே முதலில் கைக்கொண்ட ஆங்கிலேயர், ஒரு புறம் யானை உருவம் பொறித்த செப்புக் காசுகளைச் சில காலம் வெளியிட்டனர்.

1825இல் ஸ்டேர்லிங் முறை புகுத்தப்பட்டபோது, இங்கிலாந்தின் மிகச்சிறு காசாகிய பார்திங்கும் இலங்கைச் சந்தைக்குப் பெரிதாயிருந்தமையால், அரைப் பார்திங்கை 1828இலும் கால் பார்திங்கை 1839இலும் இத்தீவின் தேவைக்கெனவே அச்சிட நேர்ந்தது. ஓர் ஏகாதிபத்தியம் தன் நாணயத்தை இவ்வாறு துண்டுபடுத்த வேண்டியிருந்தது, இங்குள்ள உழைப்பும் விளைபொருளும் எத்துணை மலிவாக மதிக்கப்பட்டன என்பதற்குப் போதிய சான்றாகும்.

தசமமுறையும் தாலமரமும்

இந்திய ரூபாவே நடைமுறையில் நாட்டின் நாணயமாகிவிட்டமையால், 1871 ஆகஸ்டில் அதனை நூறு சதமாகப் பகுக்கும் சட்டம் பிறந்தது. அதற்கெனக் கல்கத்தா நாணயசாலையில் வார்த்த 1870ஆம் ஆண்டிட்ட கால், அரை, ஒன்று, ஐந்து சதச் செப்புக் காசுகளின் ஒரு புறத்தில் விக்டோரியா மகாராணியின் தலையும், மறுபுறத்தில் பனையினத்தைச் சேர்ந்த ஒரு நெடுமரமும் இடம்பெற்றன. அம்மரத்தின் ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும் மதிப்பைக் கூறின. 2 ஷில்லிங் ஒரு ரூபா எனக் கொண்டால் ஒரு சதம் ஏறத்தாழ ஒரு பார்திங்காகும். ஆகவே கால் சதமும் அரைச் சதமும் பழைய கால் பார்திங்கும் அரைப் பார்திங்கும் புதுப்பெயர் பூண்டு வந்தவையே எனலாம். 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் 1892இல் சேர்ந்தன.

சதுர ஐந்து சதம்

செப்பு ஐந்து சதம் உள்ளங்கையை நிரப்பும் கனத்த வட்டம். அது வழக்கொழிந்தபின், 1909இல், மூலைகள் வளைந்த சதுரமாக, செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிற உலோகத்தில் புதிய ஐந்து சதம் வெளிப்பட்டது. ஒல்லாந்து தன் சதுர ஐந்து சென்ட்டை வெளியிடுவதற்கு நான்கு ஆண்டும், இந்தியா தன் சதுர இரண்டணாவை வெளியிடுவதற்கு ஒன்பது ஆண்டும் முன்னர் இது நிகழ்ந்தது. நிறத்தால் வெள்ளிக் காசை ஒத்த இதனை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தின் விளக்கற்ற அறையிலும் விரல் நுனியால் தடவியே வேறுபடுத்தி அறியலாம் என்பது சதுர வடிவின் பெரும்பயனாக அமைந்தது. ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் ஆகியோரின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் முகப்பில் மாறிவந்தும் அந்தச் சதுரம் மாறவில்லை.

தோட்டக் கணக்கில் சதம்

நுவரெலியாவினின்று ஹக்கலை வழியாகப் பதுளை செல்லும் பெருவீதியில், உமா ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்த ஊவாவின் வெலிமடை, நெல்வயற் கிராமத்துச் சிங்களவரும், கடைவீதி முஸ்லிம்களும், சுற்றியுள்ள மலைத் தோட்டங்களின் தமிழரும் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஊராகும். எழுத்தறியாதவன் கையிலும் நாள்தோறும் புழங்கிய அரசாங்க எழுத்து இச்சிறு காசிலிருந்ததே என்பதும், மூவகையாரும் தத்தம் மொழிக்குரிய எழுத்தை அதிற் காண முடிந்தது என்பதும் இத்தகைய ஊர்களிலேயே நன்கு விளங்கும்.

கோப்பி அழிந்து தேயிலை எழுந்து, 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் புகையிரதம் எட்டிய காலத்தில், தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் சதத்திலேயே கணக்கிடப்பட்டது. காலையில் தொழிலாளர் அணிதிரளும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் முழுநாளுக்கு முழுப்பேரோ அரைநாளுக்கு அரைப்பேரோ பதிந்து, அரிசிக்கும் முற்பணத்திற்கும் கழித்தது போக மாதமுடிவில் எஞ்சியதே சம்பளம். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதமாகக் கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசைத் துரைமார் 'பென்ஸ் பணம்' என்றே வழங்கினர். பென்னி மறைந்து நெடுநாளாகியும் அதன் பெயர் அக்கணக்கில் நிலைத்திருந்தது.

இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் விதித்த 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் 1929இல் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. மாதக் கூலியாகத் திரட்டிக் கொடுக்கப்பட்ட இத்தொகையை ஒரு நாளைக்கெனப் பிரித்துக் கையில் வைத்துப் பார்த்தால், ஆணின் கையில் ஓர் ஐம்பது சத வெள்ளியும் நான்கு செப்புச் சதமும், பெண்ணின் கையில் ஓர் இருபத்தைந்தும் ஒரு பத்தும் ஒரு சதுர ஐந்தும் மூன்று செப்புச் சதமும், சிறுவரின் கையில் ஓர் இருபத்தைந்தும் ஒரு சதுர ஐந்தும் இரண்டு செப்புச் சதமும் இருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையில் சட்டம் வைத்த வேற்றுமை 11 சதம்; அதாவது ஒரு சிறு வெள்ளிக் காசும் ஒரு செப்புக் காசும்.

யுத்தகால மாற்றங்கள்

இரண்டாம் உலக யுத்தம் நாணய உலோகங்களை அருமையாக்கிற்று. 1942இல் செப்புச் சதம் மெல்லிய வெண்கலத் தகடாயிற்று. சதுர ஐந்து சதம் பித்தளையும் நிக்கலும் கலந்து மஞ்சள் நிறமேற்றது. அடுத்த இரு ஆண்டுகளில் வெள்ளிக் காசுகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அதே 1942 ஜூனில் அச்சிட்ட ஐந்து சதத் தாள் மிக்க நூதனமானது. நடுவே துளையிட்டு, தபால் முத்திரையைக் கிழிப்பதுபோல் கிழித்தால் இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் பிரிந்து செல்லுமாறு அது அமைந்திருந்தது. இதழ்விளிம்புடைய இரண்டு சதமும் பத்துச் சதமும் 1944இல் வந்தபின் சில்லறைத் தட்டுப்பாடு தணிந்தது.

முடியும் சின்னமும்

1951ஆம் ஆண்டிட்ட காசுகளில் ஆறாம் ஜோர்ஜின் தலை இருந்தும், அவருக்குரிய 'இந்தியச் சக்கரவர்த்தி' என்னும் பட்டம் நீங்கிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் எந்நாட்டுப் பிரசையும் அல்லாராக நின்ற காலமும் அதுவே. காசின் மேல் இந்தியாவின் பெயர் அழிந்ததுபோல் எளிதாக அவர்கள் மீதிருந்த 'இந்தியர்' என்ற பெயர் அழியவில்லை. எலிசபெத் அரசியின் தலையைத் தாங்கிய புழக்கக் காசு 1955, 1957ஆம் ஆண்டுகளின் இரண்டு சதம் மாத்திரமே.

1963இல் முடிமன்னர் தலை நீங்கி, வாளேந்திய சிங்கத்தைத் தாமரை இதழ் சூழ்ந்த அரசாங்கச் சின்னம் அவ்விடத்தைப் பெற்றது. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. ஐந்தும் பத்தும் நிக்கல் பித்தளையிலேயே நின்றன. சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டம் இயற்றி ஏழாண்டு கழிந்தும், இப்புதிய காசுகளில் தமிழெழுத்து நீக்கப்படாதது குறிப்பிடத்தக்கது. 1972இல் நாடு குடியரசானபின் தர்மசக்கரம், பூரணகும்பம், நெற்கதிர், சூரிய சந்திரர் ஆகியவற்றோடு கூடிய புதிய சின்னம் காசேறிற்று. 1978இல் சதுர ஐந்து சதமும் அலுமினியமாகி, நீரில் மிதக்குமோ என்னும்படி இலேசாயிற்று.

இன்றைய நிலை

விலைவாசி ஏற ஏறச் சதக் காசு சந்தையினின்று விலகி, 2017இல் வெளிவந்த புதிய நாணயத் தொகுதி ஒரு ரூபாவையே தன் முதற்படியாகக் கொண்டது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் பிரசுரமானபோது, சதத்திற்கு அக்கணக்கில் வேலையில்லை. எனினும் வங்கிக் கணக்கிலும் கடைச் சீட்டிலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கமாக அது இன்னும் உறைகிறது. பயனற்ற ஒன்றை 'ஐந்து சதத்துக்கும் உதவாது' என்று சொல்லும் வழக்கும் நாட்டில் நிலைத்துவிட்டது. 43 சதத்திற்குக் கொழுந்தெடுத்தவளுக்கோ ஐந்து சதம் நாட்கூலியில் ஒன்பதிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டது. இவ்வழக்கு அவள் வாயிற் பிறந்ததாக இருக்க முடியாது.