டோர்டு: வேரில்லாத சொல்

வெப்ஸ்டர் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1934-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ‘டோர்டு’ என்றொரு சொல். இயற்பியல், வேதியியல் வழக்கு, பெயர்ச்சொல்; பொருள்: அடர்த்தி. உச்சரிப்பும் உண்டு. சொற்பிறப்பு மட்டும் இல்லை.

அகராதியின் வேதியியல் பகுதி ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் 1931 ஜூலையில் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’, இரண்டுமே அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் என்பதே அதில் இருந்த செய்தி. ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘ஆர்’. அந்தச் சீட்டு சுருக்கக்குறிகளின் கட்டுக்குப் போகாமல் சொற்களின் கட்டில் சேர்ந்துவிட்டது. அகராதி அலுவலகத்தில் தலைச்சொல்லை எழுத்துகளுக்கு இடையே இடம்விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கம். அதனால் ‘டி ஆர் டி’ என்ற மூன்றும் ஒரே சொல்லாகப் படிக்கப்பட்டன. மெய்ப்பு பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

1939 பிப்ரவரியில் ஓர் அகராதி ஆசிரியர் இந்தப் பிழையைப் பிடித்தார். எப்படி? சொற்பிறப்பு இல்லையே என்ற ஐயம்தான். கோப்புகளைத் தேடியபோது பேட்டர்சனின் சீட்டு கிடைத்தது. யாரும் பேசாத, எழுதாத, பிழையிலேயே பிறந்த இத்தகைய சொற்களை அகராதியியலில் ‘பேய்ச்சொல்’ என்பார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த ஆசிரியரின் கண். பொருளைப் பார்த்ததோடு நிற்காமல், வேரையும் தேடியிருக்கிறார். இந்த வரலாற்றை வெப்ஸ்டர் அகராதி நிறுவனத்தின் ஆசிரியர் பிலிப் கோவ் 1954-இல் ஒரு கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்.