நாடுவிட்டு நாடு சென்ற பயிற்சியாளர்

உதைபந்தாட்டத்திற் கோலடித்தவரின் பெயரே நிலைக்கின்றது. களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தை வகுத்தவரை நாம் விரைவில் மறந்துவிடுகின்றோம். அத்தகையோருள் ஒருவரான பேலா குட்மனின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1899ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்ற்றில், நடனம் பயிற்றிய யூதப் பெற்றோருக்கு மகனாய்ப் பிறந்தவர் குட்மன். அந்நகர் எம்.ரி.கே. கழகத்தில் ஆடிப் பெயர் பெற்றார். முதலாம் உலகப் போரின் பின் அந்நாட்டில் யூதர்மீது பகைமை மூண்டது. ஆதலின் வியன்னா சென்று யூத இளைஞரின் ஹக்கோவா கழகத்திற் சேர்ந்தார். 1923இல் இலண்டனில் வெஸ்ற் ஹாம் அணியை 5-0 என வீழ்த்தியதும், 1925இல் ஒஸ்திரியாவின் முதன்மைக் கழகமாய் விளங்கியதும் அக்கழகமே. 1926இல் அதனோடு அமெரிக்கா சென்றவர் அங்கேயே தங்கிப் பொருள் ஈட்டினார். 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சி அதனை விழுங்கிற்று.

பயிற்சியாளராய்த் தாயகம் மீண்டு, 1939இல் உய்பெஸ்ற் கழகத்தை வாகை சூடச் செய்தார். ஆனால் தாயகம் அவரைத் தாயகமாய் ஏற்கவில்லை. 1944இல் கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டு, எர்ப்ஸ்ரைன் என்னும் மற்றொரு பயிற்சியாளரோடு தப்பியோடினார். தந்தையாரும் சகோதரியாரும் நாசிகளின் கொடுமைக்குப் பலியாயினர். இக்காலத்தைப் பற்றி அவர் பின்னாளில் அதிகம் பேசியதில்லை.

அவர் எளிதில் இணங்கும் மனிதரல்லர். இத்தாலியின் மிலான் கழகம் பட்டியலில் முதலிடத்தில் நின்றபோதே 1955இல் அவரை விலக்கிற்று. 1957இல் பிறேசிலின் சாவோ பவுலோ கழகத்தையும், 1959இல் போர்த்துக்கலின் போர்ட்டோ கழகத்தையும் வெற்றியடையச் செய்து, பின்னர் லிஸ்பனின் பென்பிக்கா கழகத்தை அடைந்தார்.

அங்கு ஒரு முடிதிருத்தகத்திலே பழைய மாணாக்கர் ஒருவரைத் தற்செயலாய்ச் சந்தித்தபோதே, மொசாம்பிக் நாட்டு இளைஞர் யூசேபியோவின் திறமையைக் கேள்வியுற்றார் என்பர். முடிவெட்டச் சென்ற இடத்தில் இப்படியும் பொன் கிடைக்கும் போலும்! 1961இல் பார்சலோனாவை 3-2 என வென்று பென்பிக்கா ஐரோப்பியக் கிண்ணம் பெற்றது. மறுவருடம் அம்ஸ்ரடாமில் றியல் மட்றிட் அணியின் புஸ்காஸ் மூன்று கோல்கள் அடித்து, இடைவேளையில் தம் அணியை 3-2 என முன்னிறுத்தினார். ஆயினும் முடிவில் 5-3 என வென்றது பென்பிக்காவே. யூசேபியோ இரண்டு கோல்கள் அடித்தார்.

இத்துணை வெற்றிக்குப் பின் குட்மன் கூடுதல் ஊதியம் கேட்டார், கழகம் மறுத்தது. கேட்டது நியாயமென்றே நாம் எண்ணுகின்றோம். நூறாண்டுக்கு இக்கழகம் ஐரோப்பியக் கிண்ணம் பெறாதெனச் சபித்துச் சென்றார் என்பது வழக்கு. சாபத்தை நாம் நம்புவதில்லை. எனினும் 1963 முதல் 2014 வரை எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் அக்கழகம் தோற்றது மெய்.

குட்மன் 1981இல் வியன்னாவிற் காலமானார். 1990ஆம் ஆண்டு இறுதியாட்டம் அந்நகரிலேயே நடைபெற்றபோது, யூசேபியோ அவர் கல்லறையிற் சென்று வேண்டினார் என்பர். பென்பிக்கா 1-0 எனத் தோற்றது. வென்றது, முன்னர் குட்மனை விலக்கிய அதே மிலான் கழகம்.