அலைச்சறுக்கு கிராமத்தில் தன்னார்வலராகப் போகணுமா? கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

லீவு விட்டாச்சு. ரெண்டு வாரம் ஒரு கடற்கரை கிராமத்தில் தங்கி, காலையில் சர்ஃபிங், மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம், நடுவில் பீச் கிளீனிங். இப்படி ஒரு திட்டத்தோடு இளைஞர்கள் பலர் கிளம்புகிறார்கள். மதுரை அவனியாபுரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கும் இந்த ஆசை வரலாம். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ரெண்டு வாரத்தால் யாருக்கு லாபம்? ஊருக்கா, போகிறவருக்கா? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கோவளத்தில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் சர்ஃபிங் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் கோவளம். சென்னைக்குத் தெற்கே கிழக்கு கடற்கரைச் சாலையில் சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் மீனவ கிராமம். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. மதுரையிலிருந்து 400 கி.மீ.க்கு மேல்.

இந்த ஊரைச் சேர்ந்த மீனவர் மூர்த்தி மேகவன், தானாகவே அலைச்சறுக்கு பழகி, ஊர்ப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சென்னை தொழிலதிபர் அருண் வாசு கை கொடுத்தார். 2012-ல் 'கோவ்லாங் பாயின்ட்' சர்ஃப் பள்ளி உருவானது. அடுத்த ஆண்டே, 2013-ல், சர்ஃப் திருவிழா நடந்தது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் இந்த விழாவுக்கு வந்தது ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக் கொடி சான்றும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லிக் கொடுப்பவர்கள் உள்ளூர் இளைஞர்கள். கடலைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கட்டுமரத்தில் அலை மேல் ஏறி கரை சேர்வது அவர்கள் வீட்டுப் பழக்கம். வெளியிலிருந்து வந்தது பலகையும் பணமும்தான். கற்றுக்கொள்ள வருபவர் கொடுக்கும் கட்டணம் ஊர்ப் பையனின் சம்பளமாகிறது. வெளியாள் கிளம்பிப் போனாலும் வேலை நிற்காது.

சமூகம் முன்னின்று நடத்தும் வளர்ச்சி என்றால் என்ன?

ஊருக்கு என்ன தேவை என்பதை அதிகாரியோ, தொண்டு நிறுவனமோ முடிவு செய்யாமல், ஊர் மக்களே முடிவு செய்து, பணத்தையும் கணக்கையும் அவர்களே கையாள்வது. தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. உலக வங்கி நிதியுடன் 2005-ல் தொடங்கிய 'புது வாழ்வு' திட்டம் இந்த முறையில்தான் நடந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, களஞ்சியம் பெண்கள் குழுக்களையும், கண்மாய்களைப் பராமரிக்கும் வயலகம் குழுக்களையும் இதே வழியில் வளர்த்தது.

சர்ஃபிங் எப்படி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது?

கேரளாவிலும் ஒரு கோவளம் இருக்கிறது. அங்கே 1996-ல் தொடங்கிய 'செபாஸ்டியன் இந்தியன் சோஷியல் ப்ராஜெக்ட்ஸ்' என்ற அமைப்பு, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு தந்தது. அதன் கீழ் 2005-ல் வந்த சர்ஃப் கிளப்பின் விதி ரொம்ப எளிது: பள்ளிக்கூடம் போகலைன்னா பலகை கிடையாது.

அந்தக் கிளப்பில் அலை பழகிய ரமேஷ் புதிஹால், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்.

இலங்கையின் அறுகம்பையில் கதை வேறு. அங்கே கடலில் இறங்குவது ஆண்கள் வேலை என்ற நிலை இருந்தது. 2018-ல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து நாட்டின் முதல் பெண்கள் சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் உதவினார்கள். ஆனால் வீட்டிலும் ஊரிலும் பேசிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது அந்தப் பெண்கள்தான்.

தன்னார்வலரால் கெடுதலும் வருமா?

வரலாம். வாராவாரம் ஒரு புது 'டீச்சர்' வந்து, முதல் பாடத்தையே மறுபடி நடத்திவிட்டுப் போனால், பிள்ளைகள் இரண்டாம் பாடத்துக்குப் போவதே இல்லை. பாசமாகப் பழகியவர் திடீரென மறைந்தால் பிள்ளைகள் மனசும் உடையும். உள்ளூர் கொத்தனார் கூலிக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்தால், அவர் ஒரு நாள் சம்பளம் போகிறது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போட்டு லைக் வாங்குவதும் உதவியில் சேராது.

இன்னொரு ஆபத்து நிலம். ஊர் பிரபலமானால் ரிசார்ட் வரும், நில விலை ஏறும். வலை காயப்போடவும் படகு நிறுத்தவும் இருந்த இடம் சுருங்கும். சுற்றுலா வளர்ந்தும் மீனவருக்குக் கரை இல்லாமல் போனால், அது வளர்ச்சி இல்லை.

கிளம்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

* இந்த வேலை வேண்டும் என்று கேட்டது யார்? ஊர்ப் பஞ்சாயத்தா, பெண்கள் குழுவா, ஏஜென்சியா?

* தன்னார்வலரிடம் வாங்கும் கட்டணத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது?

* நான் கிளம்பிய பிறகு இதை யார் தொடர்வார்கள்?

* இதே வேலையைச் செய்ய உள்ளூரில் ஆள் இல்லையா?

* பிள்ளைகளோடு பழகுபவர்களின் பின்னணியை விசாரிக்கிறார்களா?

இதற்கு நேரான பதில் தராத இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஒரு மாதம் தங்கினால், பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாடம் எடுப்பதைவிட, உள்ளூர் இளைஞருக்குக் கணக்கு எழுதவும், முதலுதவி செய்யவும், ஆன்லைன் முன்பதிவைக் கையாளவும் சொல்லிக் கொடுப்பது நீடிக்கும்.

கடலில் இறங்கும் முன் ஊர் மீனவர் சொல்வதைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடல் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

சரி, 'ஊர்' என்றால் யார்?

இதுதான் கஷ்டமான கேள்வி. அவனியாபுரத்துக்காரர்களுக்கு இது நல்லாவே தெரியும். பொங்கல் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்ற பிரச்சினை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. 2020-ல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நடத்த வேண்டி வந்தது. 'ஊர் முடிவு' என்று சொல்லும்போது, அதில் எல்லாச் சமூகத்தினரும், பெண்களும் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். மீனவ கிராமத்திலும் இதே கேள்விதான். மீன் விற்கும் பெண்களைக் கேட்காமல் எடுத்த முடிவு பாதி ஊரின் முடிவு.

அவனியாபுரத்தில் இருந்தே செய்ய முடியுமா?

முடியும். கிராமமாக இருந்தால் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால் இங்கே கிராம சபை கிடையாது. அதற்குப் பதில் பகுதி சபை இருக்கிறது. மாநிலத்தில் 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. கண்மாயில் கலக்கும் கழிவுநீர், தெரு விளக்கு, குப்பை என எதையும் அங்கே எழுப்பலாம்.

400 கி.மீ. தாண்டிப் போய் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதில் தப்பில்லை. ஆனால் வருஷம் முழுக்க ஒரு கண்மாயைக் கவனிக்க, பக்கத்துத் தெருவில் இருப்பவரால்தான் முடியும். கோவளத்தில் ஜெயித்ததும் அதே ஊர்க்காரர்தான்.