இருக்கையே படுக்கையான கதை

உட்கார ஏற்ற மெத்தை படுக்க ஏற்றதாக இருப்பதில்லை. இருக்கை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் தொடைப்பக்கம் சற்று உயர்ந்தும் இருந்தால்தான் ஆள் முன்னால் வழுக்காமல் உட்கார முடியும். உடல் பாரத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில் இறங்குவதால் அதற்குக் கெட்டியான மெத்தையும் வேண்டும். படுக்கையோ தலைமுதல் கால்வரை ஒரே சமமாக இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், இடையிலுள்ள முதுகுக்குத் தாங்கல் வேண்டும். வீடென்றால் நாற்காலியைக் கூடத்திலும் கட்டிலை அறையிலும் போட்டுக்கொள்ளலாம். ஐந்தடி அகலமே உள்ள வேனுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனில், மடக்கிப் படுக்கையாக்கும் சோஃபாவின் வரலாறு இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்யப் பார்த்த வரலாறுதான்.

இதற்கு முதல் நல்ல தீர்வு ரயிலில் கிடைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் 1865-இல் ஓடவிட்ட 'பயனியர்' என்ற தூங்கும் பெட்டியில், எதிரெதிராக இருந்த இரண்டு இருக்கைகள் இரவில் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட்டுக் கீழ்ப் படுக்கையாயின. மேல்படுக்கை சுவரில் கீல்வைத்துப் பொருத்தப்பட்டிருந்தது; பகலில் அதைத் தூக்கி மூடிவிடலாம். அப்படி மூடிய இடத்துக்குள்தான் மெத்தைகளும் போர்வைகளும் தலையணைகளும் இருந்தன. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: புல்மன் பயணி இருக்கையின்மேல் நேராகப் படுக்கவில்லை, அதன்மேல் விரித்த தனி மெத்தையில் படுத்தார். அதை விரித்துச் சுருட்டியவர்கள் ரயில் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்; தொடக்கத்தில் வேலைக்கு வந்த பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். அந்தச் சொகுசில் பாதி இயந்திர அமைப்பு என்றால், மறுபாதி அவர்களின் கையுழைப்பு.

பொழுதுபோக்குக்காக வண்டியிலேயே தங்கி ஊர் சுற்றும் வழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர், கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885-இல் பிரிஸ்டல் நகரப் பட்டறை ஒன்று அவருக்காகக் கட்டிக்கொடுத்த 'வாண்டரர்', இரண்டு குதிரைகள் இழுத்த, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள வண்டி. பகலில் அவர் சாய்ந்திருந்த சோஃபாவே இரவில் படுக்கை. மோட்டார் வண்டி வந்தபின் 1910-இல் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த 'டூரிங் லேண்டோ' காரில் பின்னிருக்கை விரிந்து படுக்கையாயிற்று. அது செல்வந்தர்களுக்கான கார். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இதைக் கொண்டுவந்தது நாஷ் நிறுவனம். 1936-ஆம் ஆண்டுக் கார்களில் பின்னிருக்கையின் சாய்மானத்தைத் தூக்கினால் சாமான் அறையோடு சேர்ந்து நீளமான இடம் கிடைத்தது. 1949-இல் முன்னிருக்கைகள் பின்னால் முழுதும் சாய்ந்து பின்னிருக்கையோடு சமமாயின. மேலே விரிக்க மெத்தையும், கொசு வராமல் ஜன்னலுக்கு வலையும் தனியாக விற்கப்பட்டன.

இன்று கேம்பர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் வண்டி ஜெர்மனியில் பிறந்தது. வோக்ஸ்வாகனின் 'டைப் 2' வேன் 1950-இல் உற்பத்திக்கு வந்தது. 1844-இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், 1950-களின் தொடக்கத்தில் அந்த வேனுக்கென்று 'கேம்பிங் பாக்ஸ்' என்ற மரச்சாமான் தொகுப்பைச் செய்தது. வாரநாளில் சரக்கு ஏற்றும் வேனில் வார இறுதியில் அலமாரியையும் மெத்தைகளையும் ஏற்றினால் குடும்பம் தூங்கலாம். திங்கட்கிழமை எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் ஊரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் 'டார்மொபைல்' என்ற பெயரில், இருக்கைகளையே மடக்கிச் சமப்படுத்தும் வேன்களைச் செய்தது.

டைப் 2-இன் இன்ஜின் பின்பக்கம் இருந்ததால் அதன்மேல் ஒரு மேடை அமைந்தது. படுக்கையின் பிற்கால வடிவத்தைத் தீர்மானித்தது அந்த மேடைதான். பிரிட்டனில் 'ராக் அண்ட் ரோல்' என்று பெயர்பெற்ற அமைப்பில், இருக்கைப் பலகையைத் தூக்கி முன்னால் இழுத்தால் சாய்மானம் பின்னால் இறங்கிப் படுத்துவிடும். இருக்கை, சாய்மானம், இன்ஜின் மேடை ஆகிய மூன்றும் ஒரு வரிசையில் வந்து ஏறக்குறைய ஆறடிப் படுக்கையாகும். ஒரே கையசைவில் முடிகிற வேலை. வண்டிக் கூண்டின் நெருக்கடிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான அமைப்பைக் காண்பது அரிது. ஆனால் மூன்று துண்டு என்றால் இரண்டு பிளவு. தலையைப் பின்பக்கம் வைத்துப் படுப்பவருக்கு முதல் பிளவு இடுப்புக்கு அருகிலும் இரண்டாவது முழங்காலுக்கு அருகிலும் வரும். உட்கார்ந்தும் சாய்ந்தும் அமுங்கிப்போன மெத்தைகளின் விளிம்பு, தேயாத மேடை மெத்தையைவிடத் தாழ்ந்துபோக, பிளவு ஒரு படியாகவே மாறும். புரண்டு படுத்தால் முதுகெலும்பு அந்தப் படியில் இடிக்கும்.

இந்த வேதனை தமிழ்நாட்டு ரயில் பயணிகளுக்குப் புதிதல்ல. சைடு லோயர் பெர்த்தில் இரண்டு இருக்கைகளின் சாய்மானங்களை இறக்கிச் சேர்க்கும்போது நடுவில் விழும் பள்ளம், ஓர் இரவு முழுக்கப் படுத்து வந்தவர்களுக்கு மறக்காது. இரண்டாம் வகுப்புப் படுக்கைகள் வெறும் மரப்பலகையாக இருந்த நிலையை மாற்றி, 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே இரண்டு அங்குல ஃபோம் போட வைத்தார். ஏழைப் பயணியின் முதுகுக்காக எடுத்த மிக நல்ல முடிவு அது. ஆனாலும் சைடு லோயரின் பிளவு தொடர்ந்தது. 2020-இன் இறுதியில் ரயில்வே காட்டிய புதிய அமைப்பில், ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு தனிப் படுக்கைப் பலகையை இழுத்து, சேர்ந்த இருக்கைகளின் மேலே போட்டுவிடலாம். பிளவு அதன் அடியில் மறைந்துபோகும்.

பிளவுக்கு அடுத்த சிக்கல், மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பது. பழைய இருக்கைகளில் சுருள்வில்லின்மேல் குதிரைமயிர் அடைத்திருப்பார்கள். வோக்ஸ்வாகன் இருக்கைகளில் ரப்பர் சேர்த்த தேங்காய்நாரும் இருந்தது. 1929-இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர் பாலை நுரைக்க அடித்து லேடெக்ஸ் ஃபோம் செய்தார்கள். 1937-இல் ஓட்டோ பாயர் கண்டறிந்த பாலியூரிதேன், 1950-களில் மென்மையான ஃபோமாகச் சந்தைக்கு வந்தது. மலிவு, எடை குறைவு, கத்தியால் வேண்டிய வடிவில் வெட்டிக்கொள்ளலாம் என்பதால் கேம்பர் பட்டறைகள் உடனே அதற்கு மாறின. கூடவே ஒரு குறையும் வந்தது. நாலங்குல ஃபோம் உட்கார்ந்தால் அமுங்காத அளவு கெட்டியாக இருந்தால் தோள் வலிக்கும். மென்மையாக இருந்தால் சில ஆண்டுகளில் பலகை தட்டும். அடியில் கெட்டி, மேலே மென்மை என்று இரண்டு அடுக்காக ஒட்டுவது இதற்கு நல்ல மாற்று. நாசாவுக்காக 1966-இல் உருவாகி 1990-களில் மெத்தைக் கடைகளுக்கு வந்த மெமரி ஃபோமையும் வேன்காரர்கள் போட்டுப் பார்த்தார்கள். அது குளிரில் இறுகும். இரவில் சூடேற்றாத வண்டியில் படுத்தவுடன் கட்டைபோல இருந்து, உடற்சூடு பட்டபிறகே இளகும்.

ஈரமும் ஒரு பகை. தூங்குபவரின் உடலிலிருந்து வெளியேறும் ஈரம் மெத்தைக்குள் இறங்கி, கீழே குளிர்ந்த ஒட்டுப்பலகையில் பட்டு நீராகும். சில வாரங்களில் மெத்தையின் அடித்துணியில் பூஞ்சை பிடிக்கும். பலகையில் வரிசையாகத் துளை போடுவது, பலகைக்குப் பதில் வளையும் மரச்சட்டங்கள் வைப்பது, மெத்தைக்கடியில் பிளாஸ்டிக் வில்களை அடுக்குவது ஆகியவை இதனால் வந்தவை. கடைசி இரண்டும் காற்றையும் விடும், உடலையும் தாங்கும்.

ஓடும் வண்டியில் பின்னால் உட்காருபவருக்கும் சீட் பெல்ட் கட்டாயமானபோது பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பியது. மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம், தலைத்தாங்கி, ஆளை வழுக்கவிடாத குழிவு எல்லாம் இருக்கைக்கு வந்தன. உயிர் காக்கும் அந்தக் குழிவு படுக்கைக்கு ஆகாது. வெஸ்ட்ஃபாலியாவுடனான கூட்டு முடிந்து, 2003 முதல் 'கலிஃபோர்னியா' கேம்பரைத் தானே கட்டத் தொடங்கிய வோக்ஸ்வாகன், மடக்கிய இருக்கையின்மேல் விரிக்க மடியும் மேல்மெத்தையைத் துணைப்பொருளாக விற்கிறது. காற்றையும் ஃபோமையும் சேர்த்துத் தானே உப்பும் மெத்தையை விரிப்பவர்களும் உண்டு. 1970-களில் சியாட்டிலில் மலையேறிகளுக்காகச் செய்யப்பட்டது அது. இரண்டுமே புல்மன் பெட்டியில் இருந்த தனி மெத்தைதான். விரிக்கப் பணியாளர் இல்லை, வைக்க மேல்படுக்கை இல்லை. பகலில் அது பின்கதவோரம், சாமான்களின் மேல் மடித்துக் கிடக்கிறது.