மேடையில் பிறந்த விடுதலைப் பாட்டு

மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வந்தோர் நம்முள் பலர். மேட்டூர் வழியே பாலாற்றைக் கடந்து வரும் தமிழ் மக்களும், மைசூர்ப் பக்கத்துக் கன்னட மக்களும் சிவராத்திரி, தீபாவளி நாட்களில் அங்கே கூடுகின்றனர். கம்சாளைக் கலைஞர்கள் ஒரு கையில் கிண்ணம் போன்ற தாளமும், மறு கையில் கயிற்றில் தொங்கும் வெண்கலத் தட்டும் ஏந்திப் பாடுவர். தேவர்களைச் சிறையிட்ட சிரவணன் என்னும் கொடுங்கோலனை மாதேஸ்வரர் அழித்த கதை அவர்கள் பாட்டில் வருவது.

பழங்கதை மன்னனின் கொடுமையைப் பாடுவோர்க்கு அச்சமில்லை. ஆளுகின்ற அரசின் கொடுமையையே பாட நேர்ந்தால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை கூறும் வரலாறு நம் தமிழ் நாடக மேடைக்கு உண்டு. அவ்வரலாறு நிகழ்ந்த நாளில், இம்மலை அடங்கிய கொள்ளேகால் வட்டமும் சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாளில்தான் அது மைசூர் இராச்சியத்துடன் இணைந்தது. ஆகவே மலைக்கும் மதுரைக்கும் அன்று சட்டம் ஒன்றே.

அச்சட்டம் 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டமாகும். அரசின்மீது வெறுப்பை விளைக்கும் எனக் கருதப்பட்ட நாடகத்தைத் தடை செய்யவும், குறித்த இடங்களில் நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் அது வழி செய்தது. எழுதிய ஏட்டை அதிகாரிகள் ஆராயலாம்; ஏட்டில் இல்லாத பாட்டை எங்ஙனம் ஆராய்வது?

இங்கேதான் 'ஸ்பெஷல் நாடகம்' துணை நின்றது. வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர்கள், ஒத்திகையின்றி ஒரே இரவில் மேடையிற் கூடி நடிக்கும் முறை அது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற கதைகள் எல்லார்க்கும் மனப்பாடம். எனவே, இடமறிந்து புதுப்பாட்டொன்றை நுழைப்பது நடிகர்க்கு எளிதாயிற்று. கர்நாடக இராகமும், பார்சி நாடகக் குழுவினர் கொணர்ந்த இந்துஸ்தானி மெட்டும், நாட்டுப்புறச் சிந்தும் ஆர்மோனியத்தின் ஒலியில் ஒன்றாய்க் கலந்தன. செவிக்குப் பழகிய மெட்டிலே அன்றைய செய்தி ஏறியது. வாய்திறவாதே என்ற ஆணையே இப்புதுச் சோதனைக்குத் தூண்டுகோலாயிற்று.

இத்துறையில் முன்னின்றவர் இருவர். மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டியற்றினார். சிவகாசியிற் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் அதனை மேடையேற்றினார். தினைப்புனத்தில் வள்ளி பறவையோட்டும் காட்சி வரும். வேலனாக நின்ற தாஸ், வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்தக் கொக்கு என்பதை விளக்கிக் கூறவேண்டிய தேவை எழவில்லை. பாதிப் பாட்டை நடிகர் பாடினார் எனில், எஞ்சிய பாதியை அவையோர் தம் உள்ளத்தில் நிறைவு செய்துகொண்டனர். பொருளறிந்த காவலரும் வாளாவிருக்கவில்லை. தாஸ் பன்முறை சிறை புகுந்தார். நாவிதர் குலத்திற் பிறந்தவர் என்பதனால் அவருடன் நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். அரசின் அடக்குமுறையோடு நம்மவர் இழைத்த இழிவையும் அவர் தாங்கினார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

மேடைப் பாட்டு பின்னர் இசைத்தட்டில் ஏறியது. 1931-இல் மோதிலால் நேரு மறைந்தபோது, கோயமுத்தூர் மாவட்டத்துக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் பாடிய இரங்கற்பாட்டு தமிழர் இல்லந்தோறும் ஒலித்தது. அவ்வாண்டிலேயே வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸில் காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாஸ்கரதாஸின் பாட்டு இடம்பெற்றது. காளிதாசன் காலத்தில் இராட்டை இயக்கம் ஏது என்று அவையோர் எவரும் வினவவில்லை!

1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்துடன் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே விஸ்வநாத தாஸின் உயிர் பிரிந்தது. அவருக்கு அப்போது வயது 54. அவர் பாடிய விடுதலையை அவர் காணவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நாம், நம் பிள்ளைகளுக்கு வள்ளி கதையைச் சொல்லுகிறோம். அக்கதைக்குள் ஒரு கொக்கைப் பறக்கவிட்டுச் சிறை சென்ற கலைஞரின் கதையையும் சேர்த்துச் சொல்லுவோமாக. மாதேஸ்வரன் மலையில் கம்சாளையின் ஒலி அடுத்தமுறை நம் செவியில் விழும்போது, அக்கலைஞரையும் நாம் நினைத்துக்கொள்வோம்.