மார்க்கெட் மேக்கரும் பென்னி பங்குகளும்

ஒரு பங்கை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், இன்ன விலைக்குத் தருகிறேன் என்று இரண்டு விலைகளைச் சந்தையில் அறிவித்து வைத்திருக்கும் நிறுவனமே மார்க்கெட் மேக்கர். அது வாங்கிக்கொள்ளும் விலை பிட், தரும் விலை ஆஸ்க், இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஸ்ப்ரெட். வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் டாலருக்கு எதிரே இரண்டு விலை எழுதியிருப்பார்கள். இதுவும் அதே ஏற்பாடுதான். பெரிய நிறுவனப் பங்குகளில் இந்த இடைவெளி கண்ணில் படாத அளவு சிறியது. சிறிய ஊகப் பங்குகளிலோ, முதலீட்டாளரின் லாப நட்டத்தைத் தீர்மானிப்பதே பல நேரங்களில் அதுதான்.

இதைத் தெளிவாகக் காணக்கூடிய இடம், பங்குச்சந்தைப் பட்டியலில் சேராத பங்குகள் கைமாறும் அமெரிக்க ஓடிசி சந்தை. 1913-இல் தொடங்கிய நேஷனல் கொட்டேஷன் பீரோ, தரகு நிறுவனங்கள் சொன்ன விலைகளைத் தொகுத்து இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டு அனுப்பியது. ‘பிங்க் ஷீட்ஸ்’ என்ற பெயர் அப்படி வந்தது. தாளில் இருந்த விலை பழையதாகியிருக்கும் என்பதால், உண்மை விலை தெரியத் தரகர் பல இடங்களுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. 1971-இல் நாஸ்டாக் மின்னணுச் சந்தை வந்து முக்கியமான பங்குகளைக் கணினித் திரைக்குக் கொண்டுபோனது; பிங்க் ஷீட்ஸ் 1999-இல்தான் மின்னணு விலைப்பட்டியலுக்கு மாறியது. இங்கே கைமாறுபவற்றில், சில விலக்குகள் தவிர, 5 டாலருக்குக் கீழே விற்கும் பங்குகளை அமெரிக்க விதிகள் பென்னி பங்குகள் என்கின்றன.

ஸ்ப்ரெட்டின் சுமையை ஒரு கணக்கில் பார்க்கலாம். பிட் 10 சென்ட், ஆஸ்க் 14 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பங்கு வாங்க 1,400 டாலர் ஆகும். மறுநிமிடமே விற்றால் கிடைப்பது 1,000 டாலர். போட்ட முதல் திரும்ப, பிட் 40 சதவீதம் ஏற வேண்டும். 0.0001 டாலர் பிட், 0.0002 டாலர் ஆஸ்க் என்று நிற்கும் பங்குகளும் உண்டு. அவற்றை வாங்கிய கணமே பாதிப் பணம் போய்விடுகிறது.

இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்? அலுவல் செலவு ஒரு காரணம். வாங்கிய பங்கு விலைபோகாமல் கையில் தேங்கும் அபாயம் இன்னொன்று. ஆனால் சிறு பங்குகளில் மிகப் பெரிய காரணம், எதிரே நிற்பவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்குமோ என்ற அச்சம். பொருளியலாளர் ஜாக் டிரெய்னர் 1971-இல் புனைபெயரில் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துச் சொன்னார். 1985-இல் குளோஸ்டன், மில்குரோம் என்ற பொருளியலாளர்கள் அதற்குக் கணித வடிவம் தந்தார்கள். விவரம் தெரிந்தவரிடம் இழப்பதை, தெரியாதவரிடம் ஸ்ப்ரெட்டாக மார்க்கெட் மேக்கர் ஈடுகட்டிக்கொள்கிறார். கணக்குவழக்கை ஒழுங்காக வெளியிடாத நிறுவனத்தின் பங்கில் அந்த ஈட்டைச் சுமப்பது சாதாரண முதலீட்டாளர்தான். நடப்புத் தகவல் பொதுவில் இல்லாத நிறுவனப் பங்குகளுக்குப் பொது விலை அறிவிப்பதைக் கட்டுப்படுத்தி 2020-இல் திருத்தப்பட்ட அமெரிக்க 15சி2-11 விதி, 2021 செப்டம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. மிகவும் தாமதமாக வந்த, தேவையான விதி அது.

அறிவித்த விலை எத்தனை பங்குக்குச் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் விதிப்படி, ஓடிசி பங்கு 10 சென்ட்டுக்குக் கீழே இருந்தால் குறைந்தது 10,000 பங்குக்கு விலை சொல்ல வேண்டும். 1 சென்ட் பங்கில் அது வெறும் 100 டாலர். ஆகவே சில ஆயிரம் டாலரோடு ஒருவர் வந்தால் பல மார்க்கெட் மேக்கர்களின் ஆஸ்க்கையும் தாண்டி விலையை ஏற்றிவிடலாம். ‘ஒரே நாளில் 50 சதவீத உயர்வு’ என்று பரப்பப்படும் செய்திக்குப் பின்னால் இவ்வளவு சிறிய தொகை இருக்கக்கூடும்.

விலை சொல்பவரே பங்கைத் தள்ளிவிடுபவராகவும் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஃபர்ஸ்ட் ஜெர்சி, ஸ்டிராட்டன் ஓக்மான்ட் போன்ற தரகு நிறுவனங்கள் தாங்களே ஆட்டிவைத்த பங்குகளைத் தொலைபேசியில் விற்றுத் தள்ளின. பென்னி பங்குகளுக்கென்று 1990-இல் சட்டம் வந்தது. பிட், ஆஸ்க் இரண்டையும் வாடிக்கையாளருக்குத் தரகர் சொல்லியாக வேண்டும் என்ற விதி அதன்பின் அமலானது. ஸ்டிராட்டன் ஓக்மான்ட் 1996-இல் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டது.

100 பங்கு, 200 பங்கு என்று நடக்கும் சிறு வியாபாரங்கள் மார்க்கெட் மேக்கர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் ரகசியக் குறிகள் என்ற நம்பிக்கை சிறு முதலீட்டாளர்களிடையே உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான மார்க்கெட் மேக்கிங்கிற்காகச் செய்யும் ஷார்ட் விற்பனையில், அதாவது கையில் இல்லாத பங்கை விற்பதில், பங்கை முன்கூட்டியே தேடி உறுதிசெய்யும் கட்டாயத்திலிருந்து மார்க்கெட் மேக்கர்களுக்கு விலக்கு இருப்பது சந்தேகத்தை வளர்க்கிறது. ஆனால் விலையை அழுத்துவது பெரும்பாலும் வேறு கை. நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் அதைத் தள்ளுபடி விலையில் பங்காக மாற்றி, மார்க்கெட் மேக்கர் வழியாகச் சந்தையில் கொட்டுகிறார். ஆஸ்க்கில் தெரிவது மார்க்கெட் மேக்கரின் பெயர் மட்டுமே.

இந்தியாவில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2012-இல் தொடங்கிய எஸ்எம்இ பங்குத் தளங்களில், பட்டியலிட்ட நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகளுக்கு மார்க்கெட் மேக்கர் கட்டாயம். வர்த்தக நேரத்தில் 75 சதவீதமாவது அவர் இரு விலையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஓடிசி சந்தையில் இப்படி இரு பக்கமும் விலை சொல்லும் கட்டாயம் இல்லை; பிட்டே இல்லாமல் நிற்கும் பங்குகளும் அங்கே இருக்கின்றன.

இத்தகைய பங்கை வைத்திருப்பவர்கள் கடைசியாக வியாபாரமான விலையால் தங்கள் பங்குகளைப் பெருக்கிப் பார்க்க வேண்டாம். பிட் விலையையும், அந்த விலையில் எத்தனை பங்கு கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வாங்கினாலும் விற்றாலும், விலை வரம்பைக் குறிப்பிடும் லிமிட் ஆர்டர் மட்டுமே போடுங்கள்.